நாற்பது தொட்டி லில்லிப்புல்

“பதினஞ்சு வருஷமா தம்பின்னு கூப்பிட்டவனைப் போலீஸ்ல பிடிச்சுக் கொடுக்கணுமா டீச்சர்?”

கேட்டபடியே, செடி நர்சரி நடத்தும் அக்கா டீச்சர் வீட்டுத் தண்ணீர் டம்ளரை மேஜைக்கு ஓர் அங்குலம் தள்ளிக் காற்றில் வைத்தாள். விழுமுன் போஸ்ட்மேன் பாய்ந்து பிடித்தார். ஓய்வுபெற்ற பிறகு அவருக்கு இருந்த ஒரே வேலை, தாவரவியல் டீச்சரான மனைவியின் துப்பறிதலுக்கு அவசரப்பட்டு உதவுவதுதான்.

நூலக முற்றத்துக்காக அக்கா நாற்பது தொட்டி லில்லிப்புல் வளர்த்திருந்தாள். பெயர்தான் புல், நிழலில் ஊதாப் பூ பூக்கும் செடி அது. பார்க்க வந்த நூலகரோ, “எட்டுதான் லில்லிப்புல். மத்ததெல்லாம் வெறும் புல்” என்றுவிட்டார். அவள் தம்பி என்றழைக்கும் தோட்டக்காரர் விடியற்காலையில் தொட்டிகளைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுபோனதை எதிர்க்கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

“அப்புறமென்ன, கையும் களவுமா மாட்டிக்கிட்டான்!” என்றார் போஸ்ட்மேன்.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.”

மூவரும் போனபோது நர்சரியில் தோட்டக்காரர் தலைகுனிந்து நின்றார். எவ்வளவு கேட்டும் வாய் திறக்கவில்லை. டீச்சர் வாசலில் குனிந்தாள். ஈர மண்ணில் தள்ளுவண்டியின் தடம் இரண்டு: ஒன்று உள்ளே, ஒன்று வெளியே.

“ரெண்டும் ஒரே ஆழம். போகும்போது மட்டுமில்ல, வரும்போதும் பாரம். எது உள்ள வந்துச்சு, எது வெளிய போச்சுன்னுதான் பார்க்கணும்.”

பிறகு ஒரு புல் தொட்டியைச் சாய்த்தாள். அடித்துளை வழியே வேர் பிதுங்கியிருந்தது. லில்லிப்புல் தொட்டியிலோ மண் பொலபொலவென்று இருந்தது.

“புல் இங்கேயே பல மாசமா இருக்கு. அந்த எட்டுதான் புதுசு. புல்லுன்னா தண்டுல கணு இருக்கும், லில்லிப்புல்லுக்கு இருக்காது. அக்கா, நாற்பதையும் பிரிச்சு நட்டது யாரு?”

“நான்தான். இவனைக்கூடத் தொட விடல.”

சொல்லி முடித்ததும் அவள் முகம் மாறியது. அவள் டம்ளரை ஏன் காற்றில் வைத்தாள் என்று போஸ்ட்மேனுக்கு அப்போதுதான் உறைத்தது. வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

“கண்ணு எப்போலருந்து மங்குது அக்கா?” என்றாள் டீச்சர் மெதுவாக.

தோட்டக்காரர் முந்திக்கொண்டார். “நாற்பதுலயும் நீங்க தெரியாம புல்லைத்தான் நட்டிருந்தீங்க. என் வீட்டுப் பின்னாடி கொஞ்சம் லில்லிப்புல் இருக்குக்கா. தினம் நாலு தொட்டி மாத்தினேன். உங்களுக்குத் தெரியறதுக்குள்ள முடிச்சிடலாம்னு பார்த்தேன்.”

“திருடன்னு சொன்னேனேடா! வாயைத் திறந்திருக்கலாம்ல?”

“சொன்னா நர்சரியையே மூடிடுவீங்கன்னு பயம்.”

அக்கா தடுமாறி முன்னால் வந்து, கையால் தடவி அவர் தோளைக் கண்டுபிடித்தாள்.

“மீதி முப்பத்திரண்டையும் சேர்ந்தே நடுவோம். கணு இருக்கா இல்லையான்னு விரல் சொல்லும். முதல்ல என்னைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ.”