பாதியில் நின்ற மஞ்சள் கோடு

"இடப்பக்கமா, வலப்பக்கமா?"

கஜீபன் மூச்சிரைக்க நின்றான். வோசெல் கிராமத்தின் பழைய சலவைத் தொட்டிக்கு முன்னால் நடைபாதை இரண்டாகப் பிரிந்தது. இரண்டும் ஒரே பாதையின் இரு முனைகள். எந்தப் பக்கம் போனாலும் பதினொரு கிலோமீட்டர் மலையைச் சுற்றி இதே தொட்டிக்கு வந்து சேரும். ஆனால் அப்பா காலை எட்டு மணிக்கு எந்தப் பக்கமாகக் கிளம்பினார் என்பதுதான் தெரியவில்லை. இப்போது மணி மூன்று!

அப்பா தவநேசன், கிராமத்து விடுதியின் சமையல்காரர். திங்கட்கிழமை விடுதிக்கு விடுமுறை. அன்றைக்கு அவர் மஞ்சள் பெயின்ட் டப்பாவையும் தூரிகையையும் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விடுவார். பிரான்சின் பர்கண்டிப் பகுதியின் திராட்சைத் தோட்டங்களையும் காடுகளையும் பார்க்க நடந்து வருகிறவர்கள் வழி தவறக் கூடாது. அதற்காக மரத்திலும் பாறையிலும் ஒரு சாண் நீளத்துக்கு மஞ்சள் கோடு போட வேண்டும். சம்பளமில்லாத அந்த வேலையை மூன்று வருடமாக அவர்தான் விரும்பிச் செய்துவந்தார். "பன்னிரண்டுக்குச் சாப்பிட வந்திடுவன்" என்று சொல்லிவிட்டுப் போனவர் வரவில்லை. தொலைபேசிக்கும் பதில் இல்லை. அம்மா பக்கத்து நகரத்தில் வேலையில் இருந்தார். குளிர்சாதனப் பெட்டியில் அம்மாவுக்கு எழுதிய ஒரு தாளை ஒட்டிவிட்டு, பதினாறு வயது ஆரணியும் அவள் தம்பி கஜீபனும் தேடக் கிளம்பிவிட்டார்கள்.

மூன்றாவதாக நின்றவள் கிளெமான்ஸ். அடுத்த வீட்டுக்காரி, தலைமுறை தலைமுறையாகத் திராட்சை பயிரிடும் குடும்பம். பள்ளிக்கூடத்துப் பாறை ஏறும் குழுவில் இருந்ததால் தோளில் நீளமான கயிறும், நெற்றியில் மாட்டும் விளக்கும் கொண்டுவந்திருந்தாள்.

கஜீபன் இடப்பக்கச் சுவரிலிருந்த கோட்டைத் தொட்டான். வெளிறிப் போன பழைய கோடு. ஓடிப் போய் வலப்பக்கக் கம்பத்தைப் பார்த்தான்.

"அக்கா, இஞ்ச பார்! இது பளபளவெண்டு கிடக்கு. புதுசு!"

"அப்ப வலப்பக்கம்தான். கெதியா வா!" என்றாள் ஆரணி.

கிளெமான்ஸ் மட்டும் தயங்கினாள். அவள் பிரெஞ்சில் சொன்னாள்: "ஒரு விஷயம் கேளுங்கள். இரண்டு நாளாக மேட்டில் பெருமழை. அந்தத் தண்ணீர் மலைக்குள் இறங்கி, ஒரு நாள் கழித்துத்தான் வெளியே வரும். பள்ளத்தாக்கில் காளை ஊற்று கத்த ஆரம்பித்தால் அதன் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது."

"கத்துமா?" என்றான் கஜீபன்.

"நிஜமான காளை மாதிரி. அப்புறம் தண்ணீர் பாய்ந்து வரும்."

மூவரும் ஓட்டமும் நடையுமாக ஏறினார்கள். அறுவடை முடிந்த அக்டோபர் மாதம். சரிவு முழுவதும் கொடிகள் பொன்னும் செம்புமாய் எரிந்துகொண்டிருந்தன. தோட்டத்து நடுவே சாந்து பூசாமல் கல்லை மட்டும் அடுக்கிக் கட்டிய ஒரு குடில். அந்தக் காலத்து வேலைக்காரர்கள் மழைக்கு ஒதுங்கிய இடம். அதன் வாசலிலும் புதுக் கோடு! கஜீபன் தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது.

குன்றின் உச்சியில் கூரை இழந்த ஒரு சிற்றாலயம். அங்கே திரும்பிப் பார்த்த ஆரணி ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டாள். கீழே கிராமத்து ஓட்டுக் கூரைகள், அதற்கப்பால் சமவெளி, அதற்கும் அப்பால் வானத்தின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ மிதந்தது.

"முகிலா அது?"

"இல்லை. ஆல்ப்ஸ் மலை," என்றாள் கிளெமான்ஸ். "மழை விட்ட நாளில் மட்டும் தெரியும். இருநூறு கிலோமீட்டர்!"

அப்பா எத்தனையோ முறை இங்கே வரக் கூப்பிட்டிருந்தார். ஆரணி ஒருநாளும் வந்ததில்லை.

"அக்கா! இது விரலிலை ஒட்டுது!" வாசல் தூணருகே கஜீபன் கத்தினான். விரல் நுனியில் மஞ்சள். காயாத பெயின்ட்! அப்பா இங்கே வந்துபோய் சில மணி நேரம்தான் ஆகியிருக்கும். அவர்கள் சரியான திசையில்தான் நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆலயத்துக்குப் பின்னால் பாதை செங்குத்தான பாறைக்குள் வெட்டிய படிகளாக இறங்கியது. இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர். வெயில் எட்டாத, பெயின்ட் எளிதில் காயாத இடம். கல்லெல்லாம் பாசி. ஒவ்வொரு கோடும் முந்தையதைவிட ஈரமாக இருந்தது. கடைசிப் படியில் போட்ட கோட்டின் அடியில் ஒரு சொட்டு இன்னும் காயாமல் தொங்கியது!

அப்போதுதான் அது கேட்டது. பாறைக்குள் எங்கோ ஆழத்திலிருந்து ஓர் உறுமல். நெஞ்சுக்கூடு அதிர்ந்தது.

"காளை!" கிளெமான்ஸின் முகம் வெளுத்தது.

"அப்பா!" என்று கத்தியபடி ஆரணி ஓடினாள். இருபது அடி தள்ளி, ஒரு பெரிய பாறையில் அடுத்த கோடு இருந்தது. ஆனால் அது கோடாக இல்லை. பாதி தூரம் நேராக வந்து, சட்டென்று கீழ்நோக்கி இழுபட்டு, தரைவரை கோணலாக இறங்கியிருந்தது. அதற்குக் கீழே தரையே இல்லை! அப்பா ஏறி நின்ற கல் சரிந்து, கறுப்பாக ஒரு பொந்து வாய் பிளந்து கிடந்தது.

"அப்பா!"

உறுமல் ஓய்ந்த இடைவெளியில் ஒரு குரல் வந்தது. மெலிந்த குரல்.

"ஆரணி... கிட்ட வராத! கல்லு சரியும்!"

"உயிரோட இருக்கிறார்!" கஜீபன் அழுதுவிட்டான்.

"கால் கல்லுக்குள்ளை மாட்டுப்பட்டுக் கிடக்கு. அசைக்கேலாது. தண்ணி ஏறுது, பிள்ளை. ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா!"

கிளெமான்ஸ் தொலைபேசியைப் பார்த்தாள். சிக்னல் இல்லை. ஆரணி தம்பியின் தோளைப் பிடித்தாள்.

"கஜீ, நீதான் எங்களுக்குள்ள நல்லா ஓடுவாய். கோயில் மேட்டுக்கு ஏறு. அங்க சிக்னல் இருக்கும். தீயணைப்புக்காரருக்குச் சொல்லு. மஞ்சள் கோட்டைப் பிடிச்சுக்கொண்டு வரச் சொல்லு!"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு படிகளில் பாய்ந்தான்.

"அவர்கள் வர முக்கால் மணி நேரமாவது ஆகும்," என்றாள் கிளெமான்ஸ். "அதுவரை தண்ணீர் காத்திருக்காது. நான் இறங்குகிறேன்."

"வேண்டாம். உனக்குக் கயிறு பிடிக்கத் தெரியும், எனக்குத் தெரியாது. நான் பிடித்தால் நீயும் விழுவாய். என்னைக் கட்டு!"

கிளெமான்ஸ் வாதாடவில்லை. தடித்த ஒரு மரத்தில் கயிற்றைச் சுற்றி, ஆரணியின் இடுப்பிலும் தொடையிலும் முடிச்சுப் போட்டு, மூன்று முறை இழுத்துப் பார்த்தாள். பிறகு தன் விளக்கைக் கழற்றி அவள் நெற்றியில் மாட்டினாள்.

ஆரணி இருட்டுக்குள் இறங்கினாள். இரண்டு ஆள் உயரம் இறங்கியதும் கால் தண்ணீரைத் தொட்டது. பனிக்கட்டிபோல் குளிர்! விளக்கொளியில் அப்பாவின் முகம் தெரிந்தது. மார்புவரை தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். உதடுகள் நீலமாக இருந்தன.

"உன்னை ஆர் இறங்கச் சொன்னது?" என்று ஏச வாயெடுத்தவர், அவளைக் கட்டிக்கொண்டார்.

அவள் தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவினாள். கதவுப் பலகை அளவு கல்லொன்று அவர் கணுக்காலை அழுத்திக்கொண்டிருந்தது. தள்ளினாள். அசையவில்லை. மீண்டும் தள்ளினாள். தண்ணீர் அவர் கழுத்தை நோக்கி ஏறியது.

"கிளெமான்ஸ்! ஒரு தடி! உன் கை பருமனுக்கு!"

மேலே கிளை முறியும் சத்தம். கொஞ்ச நேரத்தில் ஒரு தடி உள்ளே சரிந்து வந்தது. ஆரணி அதைக் கல்லுக்கு அடியில் செருகி, மறுமுனையில் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கினாள்.

"இப்ப இழுங்கோ, அப்பா!"

அவர் வலியில் அலறினார். கால் வெளியே வந்துவிட்டது!

பக்கத்தில் ஆள் உயரத்தில் பாறைத் திட்டு ஒன்று இருந்தது. மேலேயிருந்து கிளெமான்ஸ் கயிற்றை இழுத்துப் பிடிக்க, ஆரணி அவரை அங்குலம் அங்குலமாக அதன்மேல் ஏற்றினாள். தானும் ஏறி, அவர் பக்கத்தில் மல்லாந்து விழுந்தாள். மூச்சு வாங்கியது. நெற்றி விளக்கு தானாகவே மேலே திரும்பியது.

முகத்துக்கு மேலே ஒரு கடல் கிடந்தது! கூரை முழுவதும் சிப்பிகள். ஆயிரமா, லட்சமா? ஒன்றின்மேல் ஒன்றாக, இப்போதுதான் அலை ஒதுக்கிவிட்டுப் போனதுபோல. நடுவில் வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு சுருள் ஓடு, நத்தைபோல் உள்ளே உள்ளே சுருண்டு கல்லோடு கல்லாக உறைந்திருந்தது. நட்சத்திர வடிவங்கள், பூந்தண்டு போன்ற உயிர்கள், ஒரு மீனின் முதுகெலும்பு... விளக்கு நகர்ந்த இடமெல்லாம் ஈரத்தில் மின்னின. அவர்கள் கடலுக்கு அடியில் படுத்து, கடலின் தரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பருத்தித்துறைக் கரையில் பிறந்த தவநேசன் கையை நீட்டி ஒரு சிப்பியைத் தொட்டார்.

"எங்கட கடற்கரை ஊரியும் சிப்பியும், பிள்ளை... இந்த மலைக்குள்ளை! எத்தினை வருசமா இதுக்குமேலை நடந்து திரிஞ்சனான்!"

கீழே தண்ணீர் உறுமிக்கொண்டிருந்தது, ஆரணிக்குப் பயமாகவும் இருந்தது. ஆனாலும் அந்தக் கூரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தண்ணீர் திட்டின் விளிம்பைத் தொட்டது. அவள் காலணியை நனைத்தது. அப்பாவின் கையை அவள் இறுகப் பிடித்தாள்.

"ஆரணி! வந்துவிட்டார்கள்!" மேலேயிருந்து கிளெமான்ஸின் குரல் உடைந்து வந்தது.

கஜீபன் தீயணைப்பு வீரர்களை முந்திக்கொண்டு ஓடி வந்திருந்தான். அவர்கள் தூக்குப் படுக்கையை இறக்கினார்கள். முதலில் அப்பா, அடுத்து ஆரணி. அவள் மேலே வந்து கால் ஊன்றிய சில நிமிடங்களில் அந்தத் திட்டைத் தண்ணீர் மூடியது. சற்றுத் தள்ளி, காளை ஊற்று வெள்ளை நுரையாக வெடித்துப் பள்ளத்தாக்கில் பாய்ந்தது!

பொழுது சாயும் வேளையில் அவர்கள் கிராமத்துக்கு இறங்கியபோது சலவைத் தொட்டியைச் சுற்றி ஊரே நின்றது. கைதட்டல் எழுந்தது. அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மூன்று பேரையும் கட்டிப்பிடித்தார், கிளெமான்ஸையும் விடவில்லை. பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "தனியப் போகாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"இனிப் போகமாட்டன்," என்றார் அப்பா, தூக்குப் படுக்கையில் படுத்தபடியே. அந்த வாக்கை அவர் காப்பாற்றினார். அடுத்த ஆண்டிலிருந்து வோசெல் மலையில் கோடு போடப் போகிறவர்கள் எப்போதும் இருவராகவே போனார்கள்.

கோடைகாலத்தில் ஊற்று வற்றியதும் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நிலவியல் பேராசிரியை வந்தார். பொந்துக்கு ஏணி வைத்து, உள்ளே விளக்குகள் கட்டினார்கள். பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே வெதுவெதுப்பான கடல் இருந்ததாம். அது வற்றி, அதன் தரை இறுகி, மலையாக எழுந்ததாம். "உங்கள் திராட்சை வேர்கள் இந்தச் சிப்பிகளுக்குள்தான் இறங்குகின்றன," என்று அவர் உள்ளே இறங்கி நின்ற ஊர்க்காரர்களிடம் சொன்னார்.

கிளெமான்ஸின் தந்தை, அந்தச் சரிவில் முப்பது அறுவடை கண்டவர், தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்க்கத் திணறினார்கள்.

"அப்படி நிண்டால் தெரியாது," என்று தமிழிலேயே சொன்னார் தவநேசன். பிறகு கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, மெதுவாக அந்தப் பாறைத் திட்டில் ஏறி மல்லாந்து படுத்தார்.

அவர் சொன்னதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கிளெமான்ஸின் தந்தை தொப்பியைக் கழற்றிவிட்டு அவர் பக்கத்தில் படுத்தார். அடுத்து அம்மா, கிளெமான்ஸ், ஆரணி, கஜீபன். நல்ல வெள்ளைக் கோட்டு அணிந்து வந்திருந்த ஊர்த் தலைவிகூட ஈரத் தரை என்று பாராமல் படுத்துவிட்டார். தோளோடு தோள் ஒட்டி எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.