மூணாவது ஊதல்

தங்கச்சியைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து அக்கா அந்த அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது நல்ல பகல். நடைபாதையில் வெயில் விழுந்து கிடந்தது. தரை துடைத்த பினாயில் நெடி, டீ வண்டி உருளும் சத்தம், எங்கேயோ ஒரு குழந்தையின் அழுகை. பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை. அக்காவுக்கு மட்டும் உள்ளங்கை வியர்த்துக்கொண்டே இருந்தது.

அவள் வேலை பார்க்கிற அறைதான் அது. மூச்சுச் சோதனை அறை. புது மருந்து ஆராய்ச்சியில் சேர வருகிறவர்கள் முதலில் இங்கே வந்து, குழாயை வாயில் கவ்வி, நெஞ்சிலிருக்கிற காற்றையெல்லாம் ஊதித் தள்ள வேண்டும். மூன்று தடவை. மூன்றில் எது நன்றாக வந்ததோ அதுதான் கணக்கு, மற்ற இரண்டையும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சும்மா ஊதச் சொன்னால் எவரும் முழுசாக ஊதமாட்டார்கள், பக்கத்தில் நின்று கத்தணும். "இழுங்க, இன்னும் இழுங்க... ஊதுங்க! விடாதீங்க, விடாதீங்க, விடாதீங்க!" அவள் போடுகிற கூப்பாட்டில் மேல்மாடியில் மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்தவன்கூட எழுந்து உட்காருவான் என்று டாக்டர்கள் கேலி பேசுவார்கள். ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குக் கத்தலக்கா என்றுதான் பேர்.

அன்றைக்கு அந்தக் கத்தலக்காவுக்குக் குரலே எழும்பவில்லை.

தங்கச்சிக்கு நுரையீரல் இறுகிக்கொண்டே போகிற வியாதி. இருக்கிற மருந்தெல்லாம் கொடுத்துப் பார்த்துக் கைவிட்டாயிற்று. இனி இந்த ஆராய்ச்சி மருந்துதான். அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. நல்ல ஆள் ஊதுவதில் பாதியாவது ஊதணும், நூற்றுக்கு ஐம்பது. அதற்குக் கீழே போனவர்கள் மருந்தைத் தாங்கமாட்டார்கள் என்று சேர்க்கமாட்டார்கள். வீட்டில் இரண்டாம் வகுப்புப் படிக்கிற தங்கச்சியின் பெண் குழந்தை, அம்மாவுக்கு எப்போது சரியாகும் என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தது.

அக்காவின் பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது இயந்திரத்தின் திரையில், ஒரு மூலையில், மஞ்சள் கட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

*கண்டக்டர். ஒரு ஊதல் பாக்கி.*

மாதாமாதம் சோதனைக்கு வந்துகொண்டிருந்த நோயாளி, காலமெல்லாம் பஸ்ஸில் விசில் ஊதின மனுஷன் அவர். "என்கிட்டயே ஊதக் கத்துக் குடுக்குறியா பாப்பா?" என்று சிரிப்பார். ஒவ்வொரு தடவை ஊதி முடித்ததும் "போலாம், ரைட்!" என்பார். ஊதும்போது கடைசியில் பல்லைக் கடித்து 'வீய்ங்' என்று ஒரு சத்தம் விடுவார், பழக்க தோஷம். அதனால் திரையில் அவர் கோடு குன்று மாதிரி ஏறி, இறங்குகிற வழியில் படி வெட்டினதுபோல் ஒரு இடத்தில் நின்று இறங்கும். அந்தப் படி வேறு எவர் கோட்டிலும் அவள் பார்த்ததில்லை.

கடைசியாக வந்த அன்று இரண்டு ஊதினார். "மூணாவதுக்கு ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிக்கிறேன் பாப்பா" என்று வெளியே போய் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

அழுத கண்ணோடு அவள் திரும்பி வந்தபோது இயந்திரம் கேட்டது: சோதனை பாதியில் நிற்கிறது, பிறகு தொடரவா? ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை அழுத்துகிற பொத்தான். நோயாளிக்கு இருமல் வரும், தண்ணீர் கேட்பார், அவள் 'ஆமாம்' அழுத்துவாள். கை தன்பாட்டுக்குப் போய் ஆமாமை அழுத்திவிட்டது.

செத்துப்போனவர் திரும்பி வருவாரா என்று கேட்டதற்கு ஆமாம் என்று சொல்லியாயிற்று.

அப்புறம்தான் ஆரம்பித்தது. அறையில் யாரும் இல்லாத நேரத்தில், கொக்கியில் தொங்குகிற குழாயிலிருந்து மெல்ல ஒரு சத்தம் வரும்.

வீய்ங்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லீவு போட்டுத் தூங்கு என்பார்கள். அந்தக் கட்டத்தை மூடவும் கை வரவில்லை. பாவம், காத்திருக்கிற மனுஷன் முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி இருந்தது.

"ஆரம்பிக்கலாமா அக்கா?" என்றாள் தங்கச்சி. 'அக்கா' என்று சேர்க்காமல் அவளுக்கு ஒரு வாக்கியம் ஓடாது.

முதல் ஊதல் முப்பத்தெட்டு.

இரண்டாவது முப்பத்தைந்து. உதடு நீலம் பாரித்துவிட்டது. "முடியலக்கா. போதும்க்கா. நம்மளால ஆகாதுக்கா."

"வாயை மூடுடி. இன்னும் ஒண்ணு இருக்கு" என்று அதட்டினாள் அக்கா. அதட்டின குரல் பாதியில் உடைந்தது. திரும்பி, கண்ணைத் துடைக்கிற சாக்கில், மஞ்சள் கட்டத்துக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கிசுகிசுத்தாள்.

"பெரியவரே. உங்க ஊதல் ஒண்ணு சும்மாதானே கிடக்கு. அதை இவளுக்குக் குடுங்களேன். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

குழாயைத் தங்கச்சியின் வாயில் வைத்தாள். இந்தத் தடவை கத்தவில்லை.

கோடு ஏறியது. ஏறிக்கொண்டே போனது. இறங்குகிற வழியில் படி வெட்டினதுபோல் நின்றது.

வீய்ங்.

அறுபத்தொன்று.

தங்கச்சி குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டு மிரண்டுபோய்ப் பார்த்தாள். "அக்கா... நான் இன்னும் ஊதவே இல்லையேக்கா."

அக்கா 'ஏற்றுக்கொள்' பொத்தானை அழுத்தினாள். தெரிந்தேதான் அழுத்தினாள். தங்கச்சி பிழைக்க எமன் காலிலேயே விழச் சொன்னாலும் விழுந்திருப்பாள். கண்டக்டர் எந்த மூலைக்கு? ஆனால் பாக்கி ஊதல் வந்து சேர்ந்த பிறகும் மஞ்சள் கட்டம் போகவில்லை. அப்படியே இருந்தது.

மருந்து ஆரம்பித்தது. தங்கச்சி எழுந்து நடந்தாள், மாடி ஏறினாள், பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்தாள். மாதாமாதம் சோதனை. மூன்றாவது ஊதல் எழுபது, எழுபத்தெட்டு என்று ஏறியது. ஆராய்ச்சி டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. "இப்படி ஒரு முன்னேற்றத்தை நான் பார்த்ததே இல்லம்மா!" என்றார். அவர் பார்ப்பது சிறந்த ஊதலை மட்டும்தான்.

முதல் இரண்டையும் அக்கா பார்த்தாள். முப்பது. இருபத்திரண்டு. பதினொன்று.

வீட்டிலும் சில்லறை மாற்றங்கள். தங்கச்சி பேப்பரை எடுத்தால் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக் கிழிக்கிறாள். நின்றால் ஒரு கையை உயரத் தூக்கி எதையாவது பிடித்துக்கொண்டே நிற்கிறாள். தூங்குகிறபோது போர்வை ஏறி இறங்குவதில்லை. அக்கா மூக்கருகே விரல் வைத்துப் பார்த்திருக்கிறாள், ரொம்ப நேரம் ஒன்றும் இருக்காது. பிறகு நீளமாக ஒரு மூச்சு வரும், நடுவில் ஒரு தடங்கலோடு.

கட்டத்தை மூடிவிடலாமா என்று எத்தனையோ தடவை கை போயிருக்கிறது. மூடினால் அந்த மூச்சும் நின்றுவிட்டால்? அந்த மஞ்சள் கட்டம்தான் தங்கச்சி உயிர் என்று முடிவுகட்டிக்கொண்டாள். வேறு யாரையும் இயந்திரத்தின் பக்கம் அண்டவிடவில்லை.

போன மாதம் முதல் ஊதல் பூஜ்யம்.

இரண்டாவதும் பூஜ்யம். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

மூன்றாவது தொண்ணூறு.

இந்த மாதச் சோதனைக்குத் தங்கச்சியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அக்கா கதவைத் திறந்தாள். உள்ளே கம்பெனி மெக்கானிக் திருப்புளியோடு உட்கார்ந்திருந்தார். இயந்திரத்தின் முதுகு திறந்து கிடந்தது.

"வாங்க மேடம். வருஷாந்திர சர்வீஸ். முடிஞ்சிருச்சு."

அவள் திரையைத்தான் பார்த்தாள். மூலை காலியாக இருந்தது.

"இங்க... இங்க ஒரு கட்டம் இருந்துச்சே?"

"அதுவா? ஏதோ பழைய டெஸ்ட் மூடாம கிடந்துச்சு. நேத்து சாயங்காலம் நீங்க போனதுமே மூடிட்டேன். ஏன் மேடம், வேணுமா?"

நேற்றுச் சாயங்காலம். நேற்று ராத்திரி தங்கச்சி சாப்பிட்டாளே. பெண்ணுக்குத் தலை வாரிவிட்டாளே. காலையில் பஸ்ஸில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலேயே நின்று வந்தாளே.

மூடியாயிற்று என்றால், அப்புறம் வந்தது யார்?

வெளியே ஓடினாள்.

தங்கச்சி நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வரிசையில் அத்தனை நாற்காலி காலியாக இருக்க, கண்டக்டர் கடைசியாக உட்கார்ந்த அதே நாற்காலி. வெயில் மடியில் விழுந்திருந்தது. நெஞ்சு அசையவில்லை. அக்கா எதிரே மண்டியிட்டு அவள் கையைப் பிடித்தாள். வெயில் பட்ட பிறகும் அந்தக் கை ஜில்லென்று இருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாய்க்கு வாய் அக்கா, அக்கா என்கிற பிள்ளை. அந்தச் சொல்லைக் கேட்டு எத்தனை நாளாயிற்று?

"என்னைக் கூப்பிடுடி" என்றாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. "ஒரே ஒரு தடவை, அக்கான்னு கூப்பிடுடி கண்ணு."

தங்கச்சி குனிந்து அவளைப் பார்த்தாள். அன்பான பார்வைதான். தங்கச்சியின் முகம், தங்கச்சியின் கண், தங்கச்சியின் உதடு.

"ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிக்கிறேன் பாப்பா" என்றது அந்த உதடு. "அப்புறம் போலாம், ரைட்."