வேகமாக இறங்கிய ரத்தம்

“உங்ககிட்ட ஒன்னு கேக்கணும்.”

“தாராளமாக் கேளுங்க.”

“இந்தத் தேங்காய் என்ன விலைன்னு தெரியுமா?”

“உங்க கையிலதானே இருக்கு. நீங்கதானே வாங்கினீங்க?”

ஜப்பான் சண்டை வருவதற்கு முந்தின வருஷம், ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருவில் பிள்ளையார் கோயில் வாசலில் நடந்த பேச்சு இது. கேட்டவர் கருணாகரன், ரப்பர் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. பதில் சொன்னவள் ருக்மணி. டாக்டர் அப்பாசாமியிடம் நர்ஸ். தேங்காய் விலை கேட்க ஒரு மனிதர் இப்படிக் காது சிவந்து நிற்பாரா என்று ருக்மணி அன்றே யோசித்தாள். பிறகு ஜப்பான்காரர்கள் வந்தார்கள், தோட்டத்து ஆபீஸ் மூடிக்கொண்டது, தேங்காய்க்கு விலை என்று ஒன்று இல்லாமலே போனது. கிராணி மட்டும் மிச்சத்தைக் கேட்கவே இல்லை.

இப்போது அவர் காஜா பெராங்கில் டாக்டர் அப்பாசாமியின் வீட்டுக் கூடத்தில், விஷக் காய்ச்சல்காரர்களோடு ஐந்தாவது கட்டிலில் படுத்திருந்தார். அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டரும் ருக்மணியும் அலாவுதீனைத் தேடிப் போனார்கள். அலாவுதீன் ஒரு காலத்தில் போலீஸ் இன்ஸ்பெக்டர். ஆட்சி மாறியதும் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, கம்போங் செட்டிக்குப் பக்கத்தில் கத்தரிக்காய் போட்டுக்கொண்டிருந்தார். கையில் எப்போதும் ஒரு மூக்குப்பொடி டப்பா இருக்கும். பொடி தீர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. காலி டப்பாவைத் திறந்து முகர்ந்தால்தான் அவருக்கு மூளை ஓடும்.

“இன்ஸ்பெக்டரண்ணே, ஒரே நாள்ல அத்தனை பேரும் சாகக் கெடக்காங்க. ஆனா அத்தனை பேரும் ரெண்டாம் தடவை கஞ்சி கேக்கறாங்க” என்றாள் ருக்மணி.

“மெதுவாச் சொல்லு தங்கச்சி.”

டாக்டர் சொன்னார். நோயாளியின் ரத்தத்தை உறையாமல் மருந்து கலந்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் நிற்கவைப்பார். ஒரு மணி நேரத்தில் சிவப்பு அடியில் இறங்க, மேலே தெளிந்த நீர் நிற்கும். சிவப்பு வேகமாக இறங்கினால் காய்ச்சல் நுரையீரலைப் பிடிக்கப் போகிறது என்று அர்த்தம். இருமலுக்கு முன்னாலேயே ரத்தம் எச்சரித்துவிடும். குழாய்களைச் செருகும் ஸ்டாண்டில் டாக்டர் ஒரு கோடு போட்டிருந்தார். சிவப்பு அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் ஆபத்து.

“அதைத் தடுக்க எங்கிட்ட மிச்சம் இருக்கறது ஒரே ஆளுக்குப் போதுமான சல்ஃபா மாத்திரை. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள யாருக்குன்னு முடிவு பண்ணணும். போன வாரம் வரைக்கும் ரத்தம் ஒழுங்காப் பேசிச்சு. திடீர்னு கூடத்துல இருக்கற அஞ்சு பேருக்கும் கோட்டைத் தாண்டிப் போகுது.”

“ஆபத்துன்னு சொன்ன ஆளுக்கு என்ன தனி மரியாதை?”

“மரவள்ளிக்குப் பதிலா அரிசிக் கஞ்சி, ஒரு முட்டை. நர்ஸ் மூணு வேளையும் பக்கத்துல உக்காந்து நாடி பாக்கணும்.”

அலாவுதீன் டப்பாவை முகர்ந்தார். “கிளம்புங்க.”

கூடத்தில் முதல் கட்டிலில் ஜவுளிக்கடை முதலாளி, தவுக்கே கலியாணசுந்தரம். நேற்றைய கணக்கில் அவர் ரத்தம்தான் எல்லோரையும்விட வேகமாக இறங்கியிருந்தது. அதில் அவருக்குத் தாளமுடியாத பெருமை.

“என் ரத்தம் சுறுசுறுப்பானது, இன்ஸ்பெக்டர். இந்தக் கிராணி ரத்தம் எனக்கு ரெண்டாவதுதான்.”

“எனக்கு முதலிடம் வேண்டாங்க” என்றார் கருணாகரன். தண்ணீர் கொண்டுவர எழுந்து போனார். டக், தொப், டக், தொப் என்று கட்டைச்செருப்புச் சத்தம் கூடத்தைக் கடந்தது.

“பாவம், ஒரு வாரமா இப்படித்தான் சாஞ்சு சாஞ்சு நடக்கறாரு” என்று முணுமுணுத்தாள் ருக்மணி. “காய்ச்சல் இடுப்பைப் பிடிச்சிருச்சு.”

பக்கத்து அறையில் அஸ்மா படுத்திருந்தாள். முந்தாநாள் வந்தவள், பால்குடிக் குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். முனகலைக்கூட யாருக்கும் கேட்காமல் முனகினாள்.

“இந்தப் பிள்ளைக்கு?”

“கோட்டைத் தாண்டியிருக்கு. ஆனா ஆறு பேர்ல இதுதான் குறைச்சல்” என்றார் டாக்டர். அவர் முகத்தில் திருப்தி இல்லை.

அடுக்களையில் சமையல்காரி பொன்னம்மா கரண்டியோடு காத்திருந்தாள். “என்னையும் கேளுங்க. முட்டை திருடினேனான்னு கேக்கத்தானே வந்தீங்க?”

“யாரு முட்டை சாப்பிடறாங்கன்னு கேக்க வந்தேன்.”

“கிராணி சாப்பிடறதில்ல. தவுக்கேகிட்டக் கொடுத்துடறாரு. அந்த மனுஷன் ரெண்டு முட்டையும் முழுங்கிட்டு, மூணாவது எங்கேங்கறாரு.”

பின்னறையில் சுவரோரமாக ஒரு குறுகலான மேசை. தூசி படாமலிருக்க அதன்மேல் தரைவரை தொங்கும் வெள்ளைத் துணி. ஐந்து குழாய்க்கான ஸ்டாண்டைத் திருகு போட்டு மேசையில் இறுக்கியிருந்தார்கள். ஆறாவதாக வந்த அஸ்மாவின் குழாய்க்கு அதில் இடமில்லை. ஜன்னல் கட்டையில், அதே கோடு போட்ட ஒரு தனிப் பிடியில் நிறுத்தியிருந்தார்கள்.

“நான் கண்டுபிடிச்சுட்டேன், அண்ணே” என்றாள் ருக்மணி. “கடிகாரம். கிராணிதான் தினமும் வந்து சாவி கொடுக்கறாரு. ஜப்பான்காரங்க டோக்கியோ நேரத்துக்கு மாத்தச் சொன்னதுலேருந்து அது குழம்பிப்போய் மெதுவா ஓடுது. ஒரு மணின்னு நாம நினைக்கறது ஒன்னரை மணி.”

அலாவுதீன் தன் பைக் கடிகாரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் முள் பிசகாமல் ஓடின.

“அப்போ தவுக்கே. மாத்திரையை வாங்கி வெளியே விக்கப் பாக்கறாரு.”

“தண்ணி குடிக்கக்கூட எழுந்திருக்காத மனுஷன் இங்க வந்து என்ன செய்ய முடியும்?”

ருக்மணி சலிப்போடு பென்சிலை மேசையில் வைத்தாள். அது உருண்டு சுவர்ப்பக்கம் விழுந்தது. “பாருங்க, இந்த வாரம் முழுக்க இதே தொல்லை. பென்சிலைப் பொன்னம்மாக்கா எடுத்துட்டாங்கன்னு சண்டைகூடப் போட்டேன்.”

அலாவுதீன் பென்சிலைப் பார்க்கவில்லை. அது உருண்ட வழியைப் பார்த்தார். டப்பாவை இரண்டு முறை முகர்ந்தார். பிறகு குனிந்து, துணிக்குள் தலையைவிட்டு எதையோ எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“டாக்டர், எல்லார் ரத்தத்தையும் புதுசா எடுங்க. ஒரு மணி நேரம் காத்திருப்போம்.”

அந்த ஒரு மணி நேரமும் ருக்மணிக்கு உட்கார முடியவில்லை. கடைசியில் டாக்டர் ஒவ்வொரு குழாயாகப் பார்த்தார். தவுக்கே, கோட்டுக்கு மேலே. கிராணி, மேலே. ஐந்தும் மேலே. ஜன்னலில் அஸ்மாவின் சிவப்பு மட்டும் கோட்டைத் தாண்டி நெடுந்தூரம் இறங்கியிருந்தது.

டாக்டர் உடனே மாத்திரைச் சீசாவோடு அஸ்மாவின் அறைக்குப் போனார். முதல் வேளை மாத்திரை உள்ளே போன பிறகுதான் அலாவுதீன் கூடத்தில் எல்லோரையும் கூப்பிட்டார். தவுக்கே கட்டிலிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அஞ்சு பேருக்கு ஒரே நாள்ல நோய் முத்திச்சு. ஆனா அஞ்சு பேருக்கும் பசி கூடிச்சு. அப்போ நோய் ஆள்கிட்ட இல்ல, ஆளுங்க ரத்தம் நின்ன எடத்துல இருக்கு. டாக்டர், ஸ்டாண்டு ஏன் திருகு போட்டு இறுக்கியிருக்கு?”

“குழாய் நேரா நிக்கணும். கொஞ்சம் சாஞ்சாலும் ரத்தம் வேகமா இறங்கிடும். இதைத் தினமும் கத்தறேனே.”

“ஸ்டாண்டை மேசையில இறுக்கினீங்க. மேசையை எதுல இறுக்கினீங்க?”

டாக்டர் பின்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“முன்கால் ரெண்டுக்கும் அடியில யாரோ கட்டை வச்சிருக்காங்க. மேசை சுவர்ப்பக்கம் சாஞ்சுது, பென்சில் உருண்டுச்சு, அஞ்சு ரத்தமும் ஓடிச்சு. ஜன்னல்ல நின்ன அஸ்மா ரத்தம் ஒன்னுதான் உள்ளதைச் சொல்லிச்சு. அதனாலதான் நிஜமாச் சாகக் கெடந்தவ கடைசி ஆளாத் தெரிஞ்சா.” அலாவுதீன் பையிலிருந்து இரண்டு மரத்துண்டுகளை எடுத்துச் சேர்த்துப் பிடித்தார். அவை ஒரு குதிகாலாகப் பொருந்தின. “கிராணி, உங்க கட்டைச்செருப்பைக் கொஞ்சம் காட்டுங்க.”

கருணாகரன் காட்டத் தேவையிருக்கவில்லை. ஒரு செருப்புக்குக் குதிகால் இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

“இடுப்புன்னு நர்ஸ் சொன்னாளே” என்றார் தவுக்கே. “அப்போ என் ரத்தம் சுறுசுறுப்பு இல்லையா?”

“முட்டைக்கு ஆசைப்பட்டுச் செய்யல” என்றார் அலாவுதீன். “முட்டை தவுக்கே வயித்துக்குப் போச்சு. மிச்சம் இருக்கற மரியாதை ஒன்னுதான். நர்ஸ் மூணு வேளையும் பக்கத்துல உக்காந்து நாடி பாக்கறது.”

பொன்னம்மா கரண்டியால் வாயை மூடிக்கொண்டாள். ருக்மணிக்கு முகம் எரிந்தது. முதலில் வந்தது வெட்கமா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. கோபம்தான் வாயில் வந்தது.

“அஸ்மா செத்திருந்தா?”

கருணாகரனின் முகம் வெளுத்துவிட்டது. “மாத்திரை ஒரே ஆளுக்குத்தான்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. போன வாரம், குணமாயிட்டீங்க, நாளைக்கு வீட்டுக்கு அனுப்பிடுவேன்னாரு டாக்டர். போயிட்டா இங்க வர என்ன காரணம் சொல்றதுன்னு தெரியல.”

“அனுப்பமாட்டேன். தண்ணி எறைங்க, துணி துவைங்க, அந்தப் பிள்ளைக்கு விசிறுங்க. அவ எழுந்து உக்கார்ற வரைக்கும் எங்கிட்டப் பேசக்கூடாது” என்றாள் ருக்மணி.

கருணாகரன் கிணற்றடிக்கும் அஸ்மாவின் அறைக்குமாக வெறுங்காலோடு நடந்தார்.

அந்த வாரக் கடைசியில் அஸ்மா எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். பின்னறையில், நேராக நின்ற மேசையில், அவள் ரத்தம் கோட்டுக்கு மேலேயே அசையாமல் நின்றது. டாக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். கத்தரிக்காய் கொண்டுவந்திருந்த அலாவுதீன் டப்பாவை முகர்ந்துவிட்டு, காரணமில்லாமல் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

ருக்மணி கிணற்றடிக்குப் போனாள். கருணாகரன் வாளியைக் கீழே வைத்தார்.

“அஸ்மா உக்காந்துட்டா. இனிமே பேசலாம்.”

அவர் தலையாட்டினார்.

“அன்னிக்குக் கோயில் வாசல்ல தேங்காய் விலை கேக்கவா வந்தீங்க?”

“இல்லீங்க.”

“அப்போ வந்ததைக் கேளுங்க. இன்னிக்குக் கையில தேங்காயும் இல்ல.”

கூடத்து ஜன்னலில் தவுக்கேயின் தலையும் பொன்னம்மாவின் கரண்டியும் தெரிந்தன. கருணாகரன் அவற்றைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார். பிறகு வேறு எங்கேயும் பார்க்காமல் அவளையே பார்த்தார். காது சிவந்திருந்தது.

“ருக்மணி, என்னைக் கட்டிக்கிறீங்களா?”