காயாத கல்

வட்டத்தில் ஒரு கல் மட்டும் காயவில்லை.

கேம்ப் ஃபயர் குழியைச் சுற்றி சீனிச்சாமி கொத்தனார் பதித்த ஓடைக்கல் அத்தனையும் வெயிலில் வெளுத்துக் கிடக்க, வீட்டைப் பார்த்த பக்கம் இருந்த அந்த ஒன்று மட்டும் இப்போதுதான் குளித்து எழுந்த மாதிரி கருகருவென்று மினுங்கியது. அமுதவள்ளி முந்தானையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க ஈரம் ஊறியது.

“ஈரக் கல்லுல தீயைப் போட்டா வெடிச்சிரும் ஆத்தா. நல்லாக் காயட்டும்” என்று கொத்தனார் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். அவள் கணவன் விஜயபாண்டிக்கு அந்தப் பொறுமை இல்லை. போடிமெட்டுக்குப் பக்கத்தில், ஏலத்தோட்டத்து வீட்டை ஹோம்ஸ்டே ஆக்கி, செல்போனில் பார்த்த படம் மாதிரியே முற்றத்தில் கல் வட்டமும் கட்டியாயிற்று. மகள் ரோஜா போன பிறகு வீட்டின் அமைதியை அவனால் தாங்க முடியவில்லை. யாராவது வந்து சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு. இன்றைக்குத்தான் முதல் கெஸ்ட் வருகிறார்கள்.

ஈர முந்தானையிலிருந்து வாசம் வந்தது. நல்லெண்ணெய். சீயக்காய்.

அவள் முந்தானையை மறுபடி முகர்ந்தாள். ரோஜாவின் கருமாதிக்கு ஊன்றிய கல்லை அப்படித்தான் தினமும் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். கல்யாணமாகாத பிள்ளைக்கு எதற்குக் கல் என்று சொந்தத்தில் முணுமுணுத்தார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. காய்ச்சலில் கொதித்த பிள்ளை அது. போடி ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் மலை இறங்கிய வழியெல்லாம், “சுடுதும்மா, தண்ணி ஊத்தும்மா” என்றே அரற்றியது. அடிவாரம் வருமுன் அடங்கிவிட்டது. சடங்கு முடிந்து விஜயபாண்டி கல்லை ஓடையில் விடக் கிளம்பியபோது, நல்லாக் குளிர்ந்த தண்ணியாப் பாத்து விடுங்க என்று அவள் கெஞ்சினாள்.

“ஏங்க, இந்தக் கல்லெல்லாம் எங்க எடுத்தாங்க?”

“ஓடையிலதான். பாலத்துக்குக் கீழ.”

“நம்ம பிள்ளை கல்லை எங்க விட்டீங்க?”

விறகு அடுக்கிக்கொண்டிருந்தவனின் கை நின்றது. “அது ரொம்ப மேல அமுதா. பாறைக்கிட்ட.”

“போன மழைல அந்தப் பாறையே உருண்டு வந்துச்சே.”

“ஓடைல ஆயிரம் கல்லு கெடக்கு. மனசைப் போட்டுக் கொழப்பிக்காத. கெஸ்ட்டு வர்ற நேரம், வெரசா டீயைப் போடு.” அவன் மறுபடி விறகை அடுக்கத் தொடங்கினான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

கல்லைப் பிடித்து இழுத்தாள். சிமென்ட் இறுகியிருந்தது. கடப்பாரை தேடி வீட்டுக்குப் பின்னால் போனாள். மலையிலிருந்து இறங்கிய பனிமஞ்சு ஏலச்செடிகளை வரிசை வரிசையாக மூடிக்கொண்டு வந்தது. பொழுது சாயும் நேரத்தில் காதைத் துளைக்கும் பூச்சிகளின் இரைச்சல்கூட இல்லாமல், தகரக் கூரையிலிருந்து ஈரம் சொட்டுவது மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. முன்பக்கம் தீக்குச்சி உரசியது. மண்ணெண்ணெய் வாடை. விறகு படபடவென்று பற்றியது. அதற்கு அடியில் இன்னொரு சத்தம். சட்டியில் தண்ணீர் சுண்டுவது மாதிரி.

பிறகு அது.

“சுடுதும்மா.”

ஓடினாள். தீக்கு அந்தப் பக்கம் விஜயபாண்டி மண்டியிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தான். அவனுக்கும் கேட்டிருக்கிறது.

“சுடுதும்மா. தண்ணி.”

கடப்பாரை தேவைப்படவில்லை. கையை வைத்ததும், தூக்கச் சொல்லும் பிள்ளை மாதிரி, கல் தானே கழன்று வந்தது. உள்ளங்கைத் தோல் அதோடு ஒட்டிக்கொண்டது. அவள் விடவில்லை.

சரிவு. வழுக்கல். செடிகள் முகத்தில் அறைந்தன.

“இந்தா வந்துருச்சு கண்ணு. தண்ணி வந்துருச்சு.”

பல் கிட்டிப்போகும் குளிர் ஓடையில். நடுவில் போய் உட்கார்ந்து கல்லை மடியில் வைத்துக்கொண்டாள். வெந்த கையால் தேய்த்தாள். எண்ணெய் தேய்ப்பதுபோல. சீயக்காய் தேய்ப்பதுபோல. அழுதுகொண்டே தேய்த்தாள்.

குளிர் விட்டது. ஏன் விட்டது என்று அவளுக்குப் புரியவில்லை.

மேலே பாதையில் விஜயபாண்டியின் டார்ச் வெளிச்சம் வந்து நின்றது. அதில்தான் பார்த்தாள். ஓடை முழுக்க ஆவி. அவளைச் சுற்றி மீன்குஞ்சுகள், வெள்ளை வயிறு தெரிய மிதந்தன.

மடியிலிருந்து, மெதுவாக:

“இன்னும் சுடுதும்மா.”

அவள் கல்லை இறுக்கி அணைத்துக்கொண்டாள். இடுப்பைச் சுற்றித் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது.