சங்குக்கு எதுகை

“சொல்லைக் கேள்...” என்று படித்த பதிநூல் சட்டென்று நின்றது. பக்கத்தில் வரைந்திருந்த யானைக்குட்டி பிரஷ்ஷைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தது.

“பல்லைத் தேய்!” என்று பதினெட்டுப் பிள்ளைகளும் கத்தினார்கள்.

நூலின் முதுகில் பச்சை விளக்கு எரிந்தது. பதிந்துவிட்டது. இனி இந்தப் பதினெட்டும் கட்டையில் போகிற வரைக்கும் பல் தேய்க்காமல் இருக்க முடியாது. நினைத்தாலும் முடியாது.

எதுகைச் சொல் வருவதற்கு முந்தைய அரை நொடியில் குழந்தையின் மனம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். அந்த அரை நொடியில் படத்தின் ஒளியை லேசாக நடுங்கவைத்தார்கள். அவ்வளவுதான் வித்தை. அப்போது விழுகிற சொல் நேரே கைகாலுக்குப் போய்விடும். அடி இல்லை, அதட்டல் இல்லை. பெற்றோருக்குக் கசக்குமா என்ன? நாடு முழுக்க மழலை வகுப்புகளில் பதிநூல் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

ஒரே ஒரு சங்கடம். பதிந்ததை அழிக்க முடியாது. அதே தலைச்சொல்லுக்கு இன்னொரு எதுகை கொடுத்து, மேலே மூடத்தான் முடியும்.

கரட்டுப்பட்டிப் பள்ளியின் டீச்சர் இன்பவல்லிக்கு அந்தச் சங்கடம்தான் ஒரு மாதமாகத் தொண்டையில் முள்ளாக நின்றது. அவளுக்கு வயது இருபத்தேழு. இதே வகுப்பில், இதே நூலின் முதல் பிரதியில் படித்தவள். அப்போது ஊருக்கு மேற்கே கல்குவாரி இருந்தது. வெடி வைக்குமுன் சங்கு ஊதும். வெளியே நின்றால் மண்டையில் கல் விழும். அதனால் கரட்டுப்பட்டிக்கென்று தனியாக ஒரு பக்கம் போட்டார்கள். மேசைக்கடியில் முயல்குட்டி. “சங்கு ஊதினால்... தங்கு!”

நல்ல எதுகை. நல்ல புத்தியும்கூட, அப்போது.

குவாரி மூடி ஆறு வருஷமாயிற்று. நூலில் அந்தப் பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அந்த இடத்தில் மீன் பதப்படுத்த ஒரு குளிர்கிடங்கு வந்தது. உள்ளே டன் கணக்கில் அமோனியா. கசிந்தால் எச்சரிக்க, குவாரியின் பழைய சங்கையே வாங்கி மாட்டினார்கள். இப்போது சங்கு ஊதினால் ஓட வேண்டும்.

போன மாதம் ஒத்திகை நடந்தது. சங்கு ஊதியதும் பதினெட்டுப் பிள்ளைகளும் மேசைக்கடியில் புகுந்தார்கள். “ஓடுங்க! ஓடுங்க!” என்று இன்பவல்லி கத்தினாள். அவள் கத்தியதும் ஒரு மேசைக்கடியிலிருந்துதான். எப்போது மடங்கினோம் என்று அவள் முழங்காலுக்கே தெரியவில்லை.

இரண்டு நாள் தன் குரலிலேயே நூலில் எதுகை பதித்துப் பார்த்துவிட்டு, வட்டாரப் பதிநூல் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். அதிகாரி துரைமாணிக்கம் எடுத்தார்.

“புதுப் பக்கம் வேணுங்க சார். ‘சங்கு ஊதினால் ஓடு.’”

“எதுகை எங்கம்மா இருக்கு? இயந்திரம் ஏத்துக்காது.”

“‘சங்கு ஊதினால் நீங்கு’ன்னு போட்டுப் பாத்தேனுங்க.”

“குறிலுக்கு நெடில் எதுகை ஆகாதும்மா. தமிழ் டீச்சருக்கு நான் சொல்லணுமா?”

“‘இங்கு நிற்காதே’ன்னும் போட்டேன். ‘இங்கு’ங்கறதுலயே பதிஞ்சிருதுங்க சார். பின்னால வர்ற ‘ஆதே’ காத்துல போயிருது. புள்ளைங்க முன்னைவிட இறுக்கமா உக்காந்துக்குதுங்க.”

“அப்ப வேற சொல் தேடுங்க. கமிட்டி மூணு மாசத்துக்கு ஒருக்கா கூடுது.”

“அதுக்குள்ள எங்களுக்கே சங்கு ஊதிருவாங்க சார்!”

அவர் சிரித்தார். நல்ல எதுகை கிடைத்தால் அனுப்பச் சொல்லி வைத்துவிட்டார்.

பங்கு, நுங்கு, எங்கு, மங்கு. இன்பவல்லி நோட்டு நிறைய எழுதினாள். சங்குக்கு இத்தனை எதுகை வைத்திருக்கிற தமிழில் ஓடச் சொல்கிற ஒன்றுகூட இல்லாமல் போனதே என்று அவளுக்கு அழுகையாக வந்தது.

வெள்ளிக்கிழமை, பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது. ஒத்திகை இல்லை. அடுத்த நிமிடமே மூக்கைக் குத்துகிற வாடை ஜன்னல் வழியாக வந்தது.

பிள்ளைகள் மேசைக்கடியில் இருந்தார்கள். இன்பவல்லியும் இருந்தாள், மடியில் பதிநூலோடு. கால்கள் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

“மிஸ், கண்ணு எரியுது,” என்றாள் நிறைமதி. ஐந்து வயது, வகுப்புக்கே நாட்டாமை.

“வெளியே ஓடு சாமி!”

“தப்பு மிஸ். சங்கு ஊதினா தங்கு.”

ஐயோ, தெய்வமே. சங்கு, சங்கு என்று அந்தச் சொல்தானே பிள்ளைகளைக் கட்டிப்போடுகிறது? அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. பதிநூலை அவசரமாகப் புரட்டினாள். பண்ணைப் பக்கத்தில் செவலை மாடு ஒன்று வாயை அகலத் திறந்துகொண்டு நின்றது. பிள்ளைகள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

“யாரு சொன்னா சங்குன்னு? மாடு! கேளுங்க, ம்ம்ம்மான்னு கத்துது பாருங்க!”

பதினெட்டுத் தலைகள் காதைத் தீட்டின. அந்தப் பழைய சங்கு மாடு மாதிரிதான் கத்தும்.

“மாடு கத்தினா...” என்று சொல்லி நிறுத்தினாள். நூல் எவ்வளவு நேரம் நிறுத்துமோ அவ்வளவு நேரம். நூலும் அவள் குரலைப் பிடித்துக்கொண்டது. படத்தில் ஒளி நடுங்கியது.

“ஓடு!” என்றாள் நிறைமதி.

பச்சை விளக்கு எரிந்தது. பிள்ளைகள் கதவை இடித்துக்கொண்டு ஓடினார்கள். கிழக்குச் சாலையில் ஒரு தண்ணீர் லாரிக்காரர் அத்தனை பேரையும் அள்ளி ஏற்றிக்கொண்டார். ஐம்பது வயதுக்காரர், பதிநூல் படிக்காதவர்.

வாசலில் நிறைமதி மட்டும் திரும்பினாள். கால்கள் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தன.

“மிஸ், மாடு கத்துது! ஓடு!” என்று அதட்டினாள்.

இன்பவல்லி தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மாடு, மாடு, மாடு. முழங்கால் அசையவில்லை. அவளுக்குத் தெரியுமே, அது சங்கு.

“நீ போ கண்ணு. நான் பின்னாடியே வர்றேன்,” என்றாள்.

அன்று கரட்டுப்பட்டியில் நாற்பத்தோரு பேர் செத்தார்கள். ஒருவர்கூட முப்பது வயதைத் தாண்டவில்லை. கிடங்கில் வால்வை மூட வேண்டிய இருவரும் இதே பள்ளியில் படித்தவர்கள். சங்கு ஊதியதும் மேசைக்கடியில் தங்கிவிட்டார்கள்.

விசாரணைக் கமிட்டி பதிநூலைத் திறந்து பார்த்தது. கடைசிப் பதிவுக்குக் கீழே இயந்திரம் எழுதியிருந்தது: ‘எதுகை சரி. பொருள் பிழை. நீக்கப் பரிந்துரை.’ சங்குப் பக்கத்தின் கீழே ‘எதுகை சரி’ என்று மட்டும் இருந்தது.

இப்போதும் கரட்டுப்பட்டியில் எங்காவது ஒரு மாடு கத்தினால் பதினெட்டுப் பிள்ளைகள் கிழக்கே ஓடுகிறார்கள். யாரும் தடுப்பதில்லை. நிறைமதி மட்டும் பத்தடிக்கு ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுகிறாள். ஏன் என்று கேட்டால், “மிஸ் பின்னாடியே வர்றேன்னாங்க,” என்கிறாள்.