வாய்க்கணக்கு

காலை ஏழு மணிக்கு ஜெனோவா முகாமில் கேள்வி கேட்கும் பெட்டியின் ஒலிவாங்கியைத் துடைத்து வைத்தாள். மழை நின்று ஒன்பது நாள் ஆகியிருந்தது. கடல் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளங்கள் இருந்த இடத்தில் இப்போது ஆள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். அங்கிருந்து தப்பி வந்தவர்கள் முகாம் கூடத்துக்கு வெளியே வரிசையில் நின்றார்கள்.

வரிக்கணக்கு தாக்கல் செய்கிறவர்களுக்கு இந்த வரிசை கிடையாது. அவர்களைப் பற்றி அரசுக்கு எல்லாம் தெரியும். வெள்ளம் வந்த மூன்றாம் நாளே அவர்களுடைய நிவாரணம் போய்ச் சேர்ந்துவிட்டது. வாழ்நாளில் கணக்கே காட்டாதவர்கள்தான் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும். பதினொரு கேள்விகள். அதற்கு வாய்க்கணக்கு என்று பெயர். ஒருமுறை சொன்னால் மூன்று வருஷத்துக்கு அதுதான் கணக்கு.

முன்பு மனிதர்கள் கேட்டு எழுதினார்கள். எழுதியவர்கள் செத்துப்போன சித்தப்பாவுக்கெல்லாம் நிவாரணம் வாங்கினார்கள். அதன் பிறகுதான் கைபடாச் சட்டம் வந்தது. பெட்டியே கேட்கும், பெட்டியே முடிவு செய்யும். ஜெனோவா வெறும் துணையாள். ஆளை உட்கார வைக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம். சிவப்பு விளக்கு எரியும்போது அவள் வாயைத் திறந்தால் எதிரே இருப்பவரின் கணக்கு ரத்தாகிவிடும்.

முதலில் வந்தது சண்முகக்கனி. நாற்பத்தாறு வயது. உப்பு வாருகிற பலகையைப் பிடித்துக் காய்த்துப்போன கைகள். பின்னால் அவள் கணவன் லிங்கதுரை இருமிக்கொண்டே வந்தான். இரண்டு பேருடைய கைப்பட்டையும் மஞ்சளாக ஒளிர்ந்தது. மஞ்சள் என்றால் முகாமில் கஞ்சி கிடைக்கும்.

"யாருங்க பேசப்போறது?" என்றாள் ஜெனோவா.

"நான்தாம்மா. இவிய பேசுனா பாதி இருமலாத்தான் வரும். பெட்டி அதையும் எழுதிக்கிடும்."

"எழுதட்டுமே. இருமலுக்கும் எதாவது குடுப்பாவளா இருக்கும்," என்றான் லிங்கதுரை.

சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டியின் குரல் வானொலியில் செய்தி வாசிக்கிற குரல்.

"குடும்பத்தில் எத்தனை பேர்?"

"ரெண்டு பேரு."

"சொந்த நிலம் உள்ளதா?"

"இல்ல."

படகு, வண்டி, கடை எல்லாவற்றுக்கும் அவள் இல்ல, இல்ல என்று சொல்லிக்கொண்டே போனாள். ஜெனோவா சன்னல் வழியாக வரிசையைப் பார்த்தாள். நேற்றும் இதே பதில்கள்தான்.

"பத்தாவது கேள்வி. இருப்பிலுள்ள அரிசி எவ்வளவு?"

"அரிசி நெறஞ்சிருக்கு."

"பதினொன்றாவது கேள்வி. உப்பு?"

"அதும் நெறஞ்சிருக்கு."

சிவப்பு அணைந்து பச்சை எரிந்தது. "நிறைவுக் குடும்பம் எனப் பதிவு செய்யப்பட்டது. நிவாரணம் தேவையில்லை. நன்றி."

சண்முகக்கனி எழுந்து, பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டாள். "எப்பம்மா குடுப்பாவ?"

அதற்குள் அவளுடைய கைப்பட்டை சாம்பல் நிறமானது. லிங்கதுரையுடையதும்.

"என்னக்கா நீங்க," என்றாள் ஜெனோவா எரிச்சலோடு. "அரிசி இருக்குன்னா எதுக்கு இங்க வந்து நிக்கீய?"

"எங்க இருக்கு? பானையோட கடல் கொண்டுபோயிட்டு. பொட்டு அரிசி கெடையாது."

"நெறஞ்சிருக்குன்னு சொன்னீயளே!"

"பின்ன எப்படிச் சொல்ல? வெள்ளிக்கிழமையும் அதுவுமா, சோறு போடுத பொருளப் போயி இல்லன்னு வாயால சொல்லுவாகளா?"

ஜெனோவாவின் அம்மாவும் அப்படித்தான் சொல்வாள். அரிசிப் பானையில் கைவிட்டு அடி தட்டினால், "ஏட்டி, நெறஞ்சிட்டு, கடைக்கு ஓடு" என்பாள். அந்தச் சொல்லை ஜெனோவா ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். பெட்டி கேட்டதில்லை. அது அச்சில் வந்த தமிழைப் படித்து வளர்ந்தது.

அவள் முகாம் பதிவேட்டைத் திரையில் திறந்தாள். நேற்று மட்டும் முப்பத்தொரு நிறைவுக் குடும்பங்கள். ஒவ்வொரு பச்சை விளக்குக்கும் அவள் இதே அறையில்தான் இருந்தாள். பதுக்கி வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள் என்று நினைத்தாள். இரண்டு பேரிடம் அதை முகத்துக்கு நேரே சொல்லியும் விட்டாள். நேற்று இரவு அந்த முப்பத்தொரு வீட்டுக்கும் கஞ்சி ஊற்றியிருக்க மாட்டார்கள்.

"பெட்டி," என்றாள். "அவங்க சொன்னதுக்கு அர்த்தம் வேற. அரிசி இல்லைன்னு அர்த்தம்."

"துணையாளின் கூற்று ஏற்கப்படாது."

வெளியே ஓடினாள். "அரிசி இல்லைன்னா இல்லைன்னே சொல்லுங்க! நெறஞ்சிருக்குன்னு யாரும் சொல்லாதீங்க!" வரிசையில் சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவர், "காலையிலேயே இல்ல இல்லன்னு கூவுது பாரு வாய்," என்றார். இரண்டாம் தடவை கத்தியபோது அவள் குரல் உடைந்தது. அப்போதுதான் சிரிப்பு நின்றது.

திரும்பி வந்தபோது லிங்கதுரை சுவரிலிருந்த விதிப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். குடும்ப உறுப்பினர் எண்ணிக்கை மாறினால் மட்டும் மறுகணக்கு. பிறப்பு, இறப்பு, மணமுறிவு.

"பொறப்பு?" என்று மனைவியைப் பார்த்தான்.

"இந்த வயசுலயா? போங்க அங்கிட்டு."

"அப்போ எறப்பு. அது கொஞ்ச நாள்ல ஆயிரும். நெஞ்சுக்கூடு பாதி போயாச்சு."

"வாயக் கழுவுங்க."

மூன்றாவதை யாரும் சொல்லவில்லை. சண்முகக்கனி சாம்பல் பட்டையைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் தேய்த்தாள். அழுக்கென்றால் போய்விடும் என்பது போல.

"இதுலயே முடியுமாம்மா?" என்று லிங்கதுரை ஜெனோவாவிடம் கேட்டான். "வக்கீலு, கோர்ட்டு எல்லாம் வேணுமா?"

"இதுலயே முடியும் அண்ணாச்சி. ரெண்டு பேரும் சம்மதிச்சாப் போதும்."

"சும்மா பேருக்குத்தான, கனி. பெட்டிக்கு ஒரு பொய். அது நம்மள ஏமாத்துச்சு, நாமளும் அத ஏமாத்துவோம்."

அவள் சேலைத் தலைப்பை உதறிச் செருகினாள். பிறகு இரண்டு பேரும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

"சேர்ந்து வாழ விருப்பம் உள்ளதா?"

"இல்ல," என்றான் லிங்கதுரை, கேள்வி முடிவதற்கு முன்பே. இருமல் வந்துவிடும் என்ற பயம்.

அவள் வாய் இரண்டு முறை திறந்து மூடியது. பெட்டி மறுபடி கேட்டது. "இல்ல," என்றாள். அரிசிக்குச் சொல்ல முடியாததைப் புருஷனுக்குச் சொல்லிவிட்டாள். பெட்டி நம்பியது.

பதினொரு கேள்விகள் அவளுக்குத் தனியாக, அவனுக்குத் தனியாக. இம்முறை அரிசியும் இல்ல, உப்பும் இல்ல. வெள்ளை விளக்கு எரிந்தது. தேவைக் குடும்பங்கள், இரண்டு. ஆறு மாத நிவாரணம். பட்டைகள் மஞ்சளாயின. லிங்கதுரை சிரித்தான்.

பெட்டி இன்னும் முடிக்கவில்லை.

"மணமுறிவு பெற்றவர்கள் ஓராண்டு ஒரே முகாமில் தங்க அனுமதியில்லை. லிங்கதுரை, கயத்தாறு முகாம். பேருந்து பதினைந்து நிமிடத்தில். கைப்பட்டை இருவரின் பேச்சையும் கேட்டுக்கொண்டிருக்கும். மீண்டும் சேரும் எண்ணம் சொல்லில் வெளிப்பட்டால் இரு கணக்குகளும் ரத்து. நன்றி."

ஜெனோவா பலகையைப் பார்த்தாள். அதில் அப்படி எதுவும் இல்லை. "எனக்குத் தெரியாதுக்கா," என்றாள். "சத்தியமாத் தெரியாது."

சண்முகக்கனி லிங்கதுரை பக்கம் திரும்பினாள். மடியிலிருந்து மாத்திரைப் பையை எடுத்து அவன் கையில் திணித்தாள். "வெள்ள மாத்திரை காலையில. செவப்பு ராத்திரி. மாத்திப் போட்டுறாதீய." பேசியபோது தன் மணிக்கட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருந்தாள்.

பேருந்தில் ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் தனி ஆட்கள். ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. லிங்கதுரை படியில் கால் வைத்துத் திரும்பினான்.

"போயிட்டு—" என்று தொடங்கினான்.

நின்றான். கையிலிருந்த பட்டையைப் பார்த்தான். அதன் நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக உப்பளத்துக்குப் போகும்போதும் கடைக்குப் போகும்போதும் சொன்ன வார்த்தையின் மறுபாதியை அவன் எச்சிலோடு விழுங்குவது கழுத்தில் தெரிந்தது.

"போறேன்," என்றான்.

பிணம் தூக்குகிற வீட்டில்கூட யாரும் அப்படிச் சொல்வதில்லை. சண்முகக்கனி நெஞ்சில் அடி வாங்கியவள் போல ஒரு அடி பின்னால் போனாள். ஓட்டுநர் கதவை மூடுவதற்குள் அவளும் சொல்ல வேண்டியிருந்தது.

"போங்க."