கழுவக் கூடாத கலயம்

1974 பிப்ரவரி 15, வெள்ளி

இன்று ஒரு கலயத்தைக் கழுவினேன். அது தப்பு.

கழுவுவது எப்படித் தப்பாகும்? சாயங்காலம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதலிலிருந்து முறையாக எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் ஊர் வாசகசாலையில் புத்தகங்களோடு சாயங்கால வகுப்பும் உண்டு. இந்த வருடம் பக்கத்து ஊர் வகுப்புகளோடு தொடர் ஓட்டப் போட்டி வைத்திருக்கிறார்கள். எங்கள் அணியில் முத்துப்பேச்சி, நபீஸா, மருதாத்தாளாகிய நான், பிலோமி. இந்த வரிசையில்தான் ஓடுவோம். பேச்சிதான் வேகம். நான் கோலைக் கீழே போடாமல் ஓடுவேன், அவ்வளவுதான்.

போன வாரம் நபீஸா ஒரு செய்தி கொண்டுவந்தாள்.

"மேட்டூர்க்காரங்க எங்க வாப்பா கடையில குளுக்கோஸ் டப்பா வாங்கிட்டுப் போறாங்க. ஒரு கரண்டி வாயில போட்டா காலு தானா ஓடுமாம்."

"அப்ப நமக்கும் ஒண்ணு கொண்டா புள்ள," என்றாள் பிலோமி.

"வாப்பா டப்பாவத் தருவாரு. பின்னாடியே வந்து காசும் கேப்பாரு."

எங்கள் ஆசிரியர் சென்னிமலை சார் சிரித்தார். "வெயில்ல ஓடறவங்களுக்குக் கொஞ்சம் இனிப்பும் நெறையத் தண்ணியும் போனாப் போதும் அம்மிணி. அது டப்பாவுலதான் வரோணும்னு இல்ல."

"அப்பம் எங்கப்பாட்ட பதனி கேக்கட்டுமா சார்?" என்றாள் பேச்சி.

பனையிலிருந்து இறக்கும் அந்த இனிப்புச் சாற்றை நாங்கள் தெளுவு என்போம். தெற்கேயிருந்து வந்த பேச்சி வீட்டில் அதற்குப் பெயர் பதனி. அவள் அப்பா பனையேறுகிறவர்.

இன்று சாயங்காலம் முதல் சுற்று. காலையிலேயே பேச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். மரத்தில் கட்டுவதற்காக வாசலில் கலயங்கள் வரிசையாக இருந்தன. எங்களுக்கான கலயத்தின் கழுத்தில் மட்டும் சிவப்பு நூல். உள்ளே எட்டிப் பார்த்தேன். சுவரெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு அப்பியிருந்தது.

தெளுவு எத்தனையோ தடவை குடித்திருக்கிறேன். கலயத்தின் உள்ளே பார்த்ததில்லை. வெற்றிலைச் சுண்ணாம்பு கூடிப்போய் என் அப்பாவுக்கு வாய் வெந்தது ஞாபகம் வந்தது. ஓடுகிறவர்கள் தொண்டை என்ன ஆகும்?

பேச்சியிடம் சொன்னால், 'எங்க வீட்டுக் கலயம் அழுக்கா?' என்று கோபித்துக்கொள்வாள். அதனால் யாரிடமும் சொல்லவில்லை. சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். துணியால் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பேச்சியின் அப்பா அதைக் கொண்டுபோய் மரத்தில் கட்டினார். பகலெல்லாம் வெயிலில் அது நிறைந்தது. சாயங்காலம் இறக்கித் தந்தபோது அவருக்குப் பலத்த சளி. ஒரு தும்மல் தும்மிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

மைதானத்தில் டம்ளர்களில் ஊற்றினேன். நுரைத்தது.

நபீஸா ஒரு வாய் வைத்துத் துப்பினாள். "என்னமோ புளிக்குது!"

"வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்," என்றேன், தெரிந்தவள் மாதிரி.

ஓடுவதற்கு முன்னால் பேச்சி எதுவும் குடிக்கமாட்டாள். நான் பாதி குடித்தேன். மீதியையும் சேர்த்துப் பிலோமி குடித்தாள்.

எங்களுக்கு இரண்டாவது இடம் கிடைத்தது. இறுதிப் போட்டிக்கும் தேர்வாகிவிட்டோம். ஆனால் கடைசியாக ஓடிய பிலோமி கயிற்றைத் தாண்டிய பிறகும் நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி ஓடினாள். பிடித்து இழுத்து வந்ததும் சாரின் செருப்பின் மேலேயே வாந்தி எடுத்தாள்.

சார் கலயத்தை முகர்ந்தார். முகம் மாறிவிட்டது.

"இது கள்ளு!"

எல்லோரும் பேச்சியைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

"அதுதான் நீ மட்டும் குடிக்கலையா?" என்றார் சார். "இப்படியா வெளையாடுவ? ஞாயித்துக்கெழம நீ ஓட வேண்டாம். ஊட்டுக்குப் போ."

"சார், எங்கப்பா அப்படிக் குடுக்க மாட்டாவ..."

"போன்னு சொன்னேன்."

பேச்சி போனாள். நான் காலி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சுண்ணாம்பு இல்லாவிட்டால் தெளுவு புளித்துக் கள்ளாகிவிடும் என்று டீக்கடைக்காரர் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

பிப்ரவரி 16, சனி

காலையில் பழைய சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன். பேச்சி வீட்டுக்குப் போனேன்.

அவள் அப்பா கலயங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுண்ணாம்பு பூசுனது ஞாவகம் இருக்கே. எப்படி விட்டேன்? என் கையே எனக்கு வெளங்கலயே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. தன்னையே சந்தேகப்படுகிறார். எனக்குக் காது வரை சூடாகிவிட்டது.

"நீங்க விடலீங்க மாமா. நான்தானுங்க கழுவீட்டேன்."

அவர் கலயத்தைக் கீழே வைத்தார். பேச்சி உள்ளேயிருந்து வந்தாள்.

"ஏட்டி, கழுவினியா? எதைப் போட்டு?"

"சாம்பல்."

"சாம்பல் மட்டுமா?"

"தேங்காய் நாரும்."

அவள் அப்பாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகிவிட்டது. "சளி பிடிச்ச மூக்கை நம்புனது என் தப்பு தாயி," என்றார். பேச்சி மட்டும் சிரிக்கவில்லை.

"நேத்து எல்லாரும் என்னையப் பாத்தீய. நீயும்தான பாத்த? இங்க வந்து சொன்னா ஆச்சா? சார்ட்ட போய்ச் சொல்லு. எல்லாரும் இருக்கும்போது சொல்லு."

சாயங்காலம் வகுப்பில் எழுந்து நின்றேன். சொல்வதை மனப்பாடம் செய்திருந்தேன். எழுந்ததும் எல்லாம் மறந்துபோனது.

"சார்... கலயத்தக் கழுவினது நானுங்க. பேச்சிக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. என்னைய எடுத்துட்டு அவள ஓட விடுங்க."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிலோமி திரும்பி முறைத்தாள். சார் சாக்பீஸை உருட்டிக்கொண்டே நின்றார். பிறகு குடையை எடுத்தார்.

"நானும் கேக்காமயே பேசிட்டேன் அம்மிணி. வாங்க, எல்லாருமே போலாம்."

பேச்சி வீட்டு வாசலில் சார் குடையை மடக்கிக்கொண்டு நின்றார். எங்கள் சாருக்கு வார்த்தை தடுமாறி இன்றுதான் பார்த்தேன்.

"ஏனுங்க, நேத்து நான் உங்க புள்ளையப் பேசுனது தப்புங்க. பேச்சி, நாளைக்கு நீ ஓடோணும் கண்ணு."

"அப்பம் மருதா?" என்றாள் பேச்சி.

"அவளும்தான். மூணு பேரை வெச்சு என்ன தொடர் ஓட்டம்?"

"நாளைக்குக் காலையில பதனி வேணுமா சார்?" என்று பேச்சியின் அப்பா கேட்டார்.

சார் கொஞ்சம் யோசித்தார். "வேணுமுங்க. ஆனா மொத டம்ளர் எனக்கு."

"நான் நேத்தே சொன்னேன், புளிக்குதுன்னு," என்றாள் நபீஸா. "ரெண்டாவது டம்ளர நான் மோந்து பாத்துத்தான் தருவேன்."

"எனக்கு வெறும் தண்ணி போதும் சாமி," என்றாள் பிலோமி.

பேச்சி சிவப்பு நூல் கட்டிய கலயத்தையும் சுண்ணாம்புச் சட்டியையும் என் முன்னால் வைத்தாள்.

"நீயே பூசு."

பூசினேன். ஒரு இடம் விட்டுப்போனது என்று விரலால் காட்டினாள். மறுபடியும் பூசினேன். அப்போதுதான் சிரித்தாள். இருட்டும் முன்னே அவள் அப்பா அதை மரத்தில் கட்டிவிட்டார்.

விரல் நுனி இன்னும் காந்துகிறது. நேற்று சும்மா நின்றதற்கு இது பரவாயில்லை என்று நினைக்கிறேன்.

நாளை விடிந்ததும் பேச்சி வீட்டுக்குப் போக வேண்டும். தெளுவை மைதானத்துக்குத் தூக்கி வர வேண்டும். டம்ளர்களைக் கழுவி எடுத்துக்கொள்ள வேண்டும்.

கலயத்தைக் கழுவக் கூடாது.